வட்ட மேப்பை செவ்வக டெக்ஸ்ச்சரா மாத்துறது: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஒரு கிரகத்தோட மேப் ரெண்டு வட்டமா இருக்கு, ஒன்னுல வட துருவம் நடுவுல, இன்னொன்னுல தென் துருவம் நடுவுல. 3டி உருண்டை மேல போடுறதுக்கு ஒரே செவ்வகமா வேணும். போட்டோஷாப்ல முடியுமா?

பதில்: தாராளமா முடியும். ஆனா ஃபில்டர தொடுறதுக்கு முன்னாடி மேப்ல இருக்குற அட்சரேகை வட்டங்கள நல்லா பாருங்க, எல்லாம் சம இடைவெளில இருந்தா வேலை ரொம்ப சுலபம். வட்டம் நாலு ஓரத்தையும் தொடுற மாதிரி சதுரமா கிராப் பண்ணுங்க, துருவம் கரெக்டா நடுவுல இருக்கணும், கொஞ்சம் நகந்தாலும் அட்சரேகை நேரா வராம அலையா நெளியும். அப்புறம் ஃபில்டர் மெனுல டிஸ்டார்ட், அதுல போலார் கோஆர்டினேட்ஸ், அதுல போலார் டு ரெக்டாங்குலர். துருவம் மேல் ஓரம் பூரா இழுபட்டு நிக்கும், வட்டத்தோட விளிம்பு அடில வந்துடும். அகலம் 360 டிகிரி, உயரம் 90 டிகிரி, அதனால 4:1க்கு ரீசைஸ் பண்ணிடுங்க.

தென் பாதிக்கும் இதேதான், ஆனா அத 180 டிகிரி சுத்தி கீழ வைக்கணும். ஃபிளிப் வெர்டிகல் மட்டும் பண்ணீங்கன்னா கிழக்கு மேற்கு மாறிடும், நிறைய பேர் கோட்ட விடுற இடம் இதான். நடுவுல நிலநடுக்கோட்டுல கரைகள் ஒட்டலன்னா ஆஃப்செட் ஃபில்டர்ல ராப் அரவுண்ட் (ஒரு ஓரத்துல வெளிய போறது மறு ஓரத்துல உள்ள வர்றது) வச்சு பக்கவாட்டுல தள்ளுங்க.

கேள்வி: போட்டோஷாப் இல்லாம, இலவச எடிட்டர் கிம்ப்ல?

பதில்: அங்கயும் டிஸ்டார்ட்ஸ்ல போலார் கோஆர்டினேட்ஸ் இருக்கு. டு போலார் டிக்க எடுத்துடுங்க, சர்க்கிள் டெப்த் 100.

கேள்வி: எனக்கு ரிசல்ட் மங்கலா வருது ப்ரோ, ஒரிஜினல் ஷார்ப்பாதான் இருக்கு.

பதில்: ஃபில்டர் கேன்வாஸ் சைஸ மாத்தாது, அதான் காரணம். 1000 பிக்சல் வட்டத்தோட சுற்றளவு கிட்டத்தட்ட 3140 பிக்சல், அவ்வளவையும் 1000 பிக்சல் அகலத்துல அமுக்கினா என்ன மிஞ்சும்? முதல்ல சதுரத்த 4096க்கு பெருசாக்கி, ஃபில்டர் போட்டு, அப்புறம் உயரத்த மட்டும் 1024க்கு குறைங்க. துருவத்துகிட்ட மங்கலா இருக்குறத விட்டுடுங்க, உருண்டைல போட்டதும் அது ஒரு புள்ளியா சுருங்கிடும்.

கேள்வி: என் மேப்ல ஓரத்துக்கு போகப்போக வட்டங்கள் நெருங்கிக்கிட்டே போகுது, சம இடைவெளி இல்ல.

பதில்: அப்போ அது பெரும்பாலும் ஆர்த்தோகிராஃபிக், தூரத்துல இருந்து உருண்டைய பாக்குற மாதிரி வரைஞ்சது. அதுல துருவத்துல இருந்து 60 டிகிரி போறதுக்குள்ளயே ஆரத்துல 86.6 சதவீதம் முடிஞ்சிடும், மிச்ச 30 டிகிரியும் ஓரத்து பட்டைல நசுங்கி கிடக்கும். போலார் ஃபில்டர் இத சரி பண்ணாது. இதுக்கு பிளெண்டர்ங்குற இலவச 3டி சாஃப்ட்வேர்தான் என் சாய்ஸ்: ஒரு யூவி ஸ்ஃபியர் (அதுல ரெடியா இருக்குற உருண்டை) வச்சு, மேப்ப மேல இருந்து நேரா ப்ரொஜெக்ட் பண்ணி, அந்த ஸ்ஃபியரோட டிஃபால்ட் யூவிக்கு (உருண்டைய தட்டையா விரிச்ச அமைப்பு) பேக் பண்ணுங்க, அதாவது மேல தெரியுற படத்த அந்த அமைப்புல ஒரு இமேஜா பதிய வைங்க, 2:1 டெக்ஸ்ச்சரே கைல வந்துடும். விளிம்ப ஒட்டி இருக்குற டீட்டெயில் மட்டும் எப்படியும் இழுபட்டுதான் தெரியும், அங்க படத்துலயே தகவல் இல்ல. இடைவெளி ஓரத்துல அதிகமாச்சுன்னா அது ஸ்டீரியோகிராஃபிக், அதுக்கு இந்த வழி ஆகாது, ஜீடால் மாதிரி மேப் டூல்ல ப்ரொஜெக்ஷன (உருண்டைய தட்டையா வரைஞ்ச முறைய) சொல்லி வார்ப் பண்ணணும்.

கேள்வி: வட்டத்தோட நடுவுல துருவம் இல்ல, நிலநடுக்கோடு இருக்கு. நிலாவோட நம்ம பக்கத்து படம் மாதிரி.

பதில்: போலார் ஃபில்டர மறந்துடுங்க, அது நடுப்புள்ளியத்தான் துருவம்னு எடுத்துக்கும். ஆர்த்தோகிராஃபிக்கா இருந்தா மேல சொன்ன பிளெண்டர் வழியேதான், ப்ரொஜெக்ஷன மட்டும் பக்கவாட்டுல இருந்து அடிங்க.

கேள்வி: மேப்ல இருக்குற பேரு, கட்டக் கோடு எல்லாம் எப்போ அழிக்கணும்?

பதில்: கோட்ட, மேப்ப செவ்வகமா விரிச்சதுக்கு அப்புறம் அழிங்க, வளைவெல்லாம் நேரா ஆகிடும், ஹீலிங் பிரஷ்ல ஷிஃப்ட் புடிச்சு ஒரே இழுப்பா இழுத்துடலாம். பேர மட்டும் வட்டமா இருக்கும்போதே எடுத்துடுங்க, துருவத்துகிட்ட இருக்குற எழுத்து விரிச்சா ரொம்ப பெரிய இடத்த அடைச்சுக்கும்.