எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அரசாங்க மானியம் கிடைக்குமா? யாழ்ப்பாணத்தில் எங்கே விண்ணப்பிப்பது?

பெயர் போடாமல் எழுதுகிறேன். என் பெயர் தெரிந்தால் இன்னொருத்தியின் பெயரும் தெரிந்துவிடும். அவளுக்கு இதை வாசித்துக் காட்டி, சம்மதம் வாங்கிய பிறகுதான் இங்கே போடுகிறேன். ஊரையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

"என் நண்பி ஒருத்திக்காகக் கேட்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நண்பிக்காகவும் இருக்கலாம், உங்களுக்காகவும் இருக்கலாம். அதைத் துருவ மாட்டேன். கேள்வியை வாசித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: கையில் பிள்ளை இருக்கிறது. உழைக்கிற ஆள் படுக்கையில் இருக்கிறார், அல்லது இல்லாமலே போய்விட்டார். அயலில் ஒருவருக்கும் விஷயம் தெரியாது. உதவிப்பணம் ஏதாவது கிடைத்தால் கொஞ்சம் மூச்சு விடலாம், ஆனால் கிராம அலுவலரிடம் என்னவென்று சொல்லிக் கேட்பது? அப்படியானால் கிராம அலுவலரிடம் இப்போது போகவே வேண்டாம். முதலில் கிளினிக்குக்குப் போங்கள்.

அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. வேறு வைத்தியரின் கடிதம் இல்லாமல் நேரே போகலாம். பரிசோதனையும் மருந்தும் இலவசம். இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதும் இலவசம். அரசாங்கம் இந்த நோய்க்குச் செலவழிக்கும் பணம் உங்கள் கையில் காசாக வந்து விழாது. மருந்தாகவும் பரிசோதனையாகவும் தாதியின் சம்பளமாகவும்தான் வரும். "மானியம்" என்ற சொல்லைக் கேட்டவுடன் நாங்கள் எல்லோரும் காசையே நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எனக்கு முன் பதில் எழுதியவர், எச்.ஐ.வி. நோயாளரின் சிகிச்சைக்கு நிதி கொடுக்கும் அமெரிக்காவின் ரயன் வைட் திட்டத்தைப் பற்றிச் சொல்லி, "இங்கே இப்படி ஒன்றும் இல்லை" என்று முடித்துவிட்டார். அவர் சொன்ன திட்டம் உண்மைதான். ரயன் வைட் இந்தியானா மாநிலத்துச் சிறுவன். குருதி உறையாமை நோய்க்காக ஏற்றிய மருந்தின் மூலம் அவனுக்குத் தொற்று வந்தது. 1984 இல் அது தெரியவந்தபோது அவனுக்கு 13 வயது. பாடசாலை அவனைச் சேர்க்க மறுத்தது. 1990 ஏப்ரலில் இறந்தான். அதே ஆண்டு ஓகஸ்டில் அவன் பெயரில் சட்டம் வந்தது. அதன் டி பகுதி பெண்கள், கைக்குழந்தைகள், சிறுவர், இளையோர் ஆகியோருக்குக் குடும்பமாகச் சிகிச்சை கொடுக்கும் நிறுவனங்களுக்கு நிதி கொடுக்கிறது. முன்பதிலில் விடுபட்டது ஒன்று: அந்தப் பணத்தையும் நோயாளியின் கையில் ரொக்கமாகக் கொடுக்க முடியாது. ஆனால் கிளினிக்குக்கு வந்து போகப் பயணச் சீட்டோ வாகனமோ ஏற்பாடு செய்து கொடுக்கலாம். அந்த ஓர் ஏற்பாடு இங்கே இருந்திருந்தால் என் மச்சாளின் வாழ்க்கையில் எத்தனை நாட்கள் வீணாகாமல் மிஞ்சியிருக்கும் என்று நான் கணக்குப் பார்த்திருக்கிறேன்.

மச்சாள் என்று சொன்னது என் தம்பியின் மனைவியை. 2017 இல் இரண்டாவது பிள்ளைக்குக் கர்ப்பமாகி, கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் வழக்கமாக எடுக்கும் இரத்தத்தில்தான் தெரியவந்தது. பிறகு தம்பிக்குப் பார்த்தார்கள். அவனுக்கும் இருந்தது, அதுவும் முற்றிய நிலையில், காசநோயோடு சேர்ந்து. அவன் எங்கே, எப்படித் தொற்றிக்கொண்டான் என்று பின்னூட்டத்தில் தயவுசெய்து கேட்காதீர்கள். நானே கேட்கவில்லை. அவன் 2018 இல் போய்விட்டான்.

பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. இதை நான் பெருமையோடு எழுதுகிறேன், அந்தப் பெருமை அவளுடையது. சிகிச்சை எதுவும் இல்லாவிட்டால் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை இருக்கும். மருந்து எடுத்தால் ஐந்துக்கும் கீழே வந்துவிடும். அவள் ஒரு நாளும் குளிசையைத் தவறவிடவில்லை. பிறந்த குழந்தைக்கு ஆறு கிழமை பாணி மருந்து கொடுத்தோம். கிருமிக்கு எதிராகத் தாயின் உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகள் குழந்தையின் இரத்தத்தில் சில காலம் தங்கி, தொற்று இல்லாவிட்டாலும் இருப்பதுபோலப் பரிசோதனையில் காட்டலாம் என்பதால், 18 மாதம் முடிந்து வந்த முடிவைப் பார்த்த பிறகுதான் நாங்கள் இருவரும் ஒழுங்காகத் தூங்கினோம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2019 டிசம்பரில் சான்றிதழ் கொடுத்தது. பத்திரிகையில் அந்தச் செய்தியை வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். அதில் எங்கள் பிள்ளையும் ஒன்று.

மருந்து இப்படி ஒழுங்காகக் கிடைத்தது. மருந்தை எடுக்கப் போகும் வழிதான் அவளை உடைத்தது. வடமராட்சிப் பக்கத்திலிருந்து பட்டினத்துக்கு இரண்டு பஸ். அயலவர்களிடம் "தைரொயிட் கிளினிக்" என்று சொல்லிவிட்டுத்தான் புறப்படுவாள். போகும் நாளில் தையல் கடையின் நாட்சம்பளம் போய்விடும். பிள்ளையைத் தாய்ப்பால் இல்லாமல் வளர்ப்பது என்று வைத்தியரோடு பேசித் தீர்மானித்ததால் பால்மாச் செலவு. "ஏன் பிள்ளைக்குப் பால் கொடுக்கவில்லை?" என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு பொய். 2022 இல் எரிபொருள் இல்லாமல் பஸ் நின்ற மாதங்களில் என் மகன் அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பாதி வழி வந்திருக்கிறான்.

இனி உதவிப்பணத்தின் கதை. தம்பி உயிரோடு இருந்தபோது ஒரு பிரதேச செயலகத்தில் மாதாந்த உதவிப்பணத்துக்கு விண்ணப்பித்தோம். உழைக்க இயலாததற்குக் காரணம் என்ன என்று படிவத்தில் ஒரு நிரல். கூடவே வைத்தியச் சான்றிதழ். அவனால் வர முடியாததால் நானும் மச்சாளும் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் சான்றிதழை ஒரு முறை வாசித்தார். திரும்ப வாசித்தார். பிறகு எங்களைப் பாராமலே, மூன்று மேசை தள்ளி இருந்தவரிடம் கேட்டார்: "அண்ணை, இந்த வருத்தத்துக்கு எந்தக் கோவை?" அந்த வருத்தத்தின் பெயரையும் சொல்லித்தான் கேட்டார். வரிசையில் பதினைந்து பேராவது இருந்திருப்பார்கள். மச்சாள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாள். படிவத்தை நான் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த விண்ணப்பத்தை நாங்கள் பிறகு கொடுக்கவே இல்லை.

அந்தப் பெண்ணைத் திட்டி எழுதவேண்டும் என்று பல நாள் நினைத்தேன். எழுத முடியவில்லை. நானும் இருபத்தாறு வருடங்கள் அப்படி ஒரு மேசைக்குப் பின்னால் இருந்து ஓய்வுபெற்றவள். "என்ன வருத்தம் அம்மா?" என்று எத்தனை பெண்களிடம் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டிருக்கிறேன்! காசநோய்க்காரர், புற்றுநோய்க்காரர், கணவனால் கைவிடப்பட்டவர்கள். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. நிரல் வெறுமையாக இருந்தால் கோவை நகராது, அவ்வளவுதான். ஆனால் என் முன்னால் நின்ற ஒரு பெண் பதில் சொல்லாமல் திரும்பிப் போனதை, அவளுடைய பச்சைச் சேலையோடு, இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். அவளுக்கு என்ன வருத்தமோ.

இன்னொரு வழியும் பார்த்தோம். ஒரு தொண்டு நிறுவனம் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்குத் தையல் இயந்திரம் கொடுத்தது. நோயைச் சொல்லத் தேவையில்லை, விதவை என்றால் போதும் என்றார்கள். மச்சாளுக்கும் சந்தோஷம். கடைசி நேரத்தில்தான் தெரிந்தது, பின்னால் பதாகை கட்டி, பிரமுகர் கையால் வாங்கும்போது படம் எடுத்து, இணையத்தில் போடுவார்கள் என்று. வெளிநாட்டில் பணம் கொடுத்தவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்த யாராவது அந்தப் படத்தைப் பார்த்தால் தன்னை அடையாளம் கண்டுவிடுவார்கள் என்று அவள் பயந்தாள். பயம் நியாயமா இல்லையா என்று நீங்களும் நானும் வாதாடலாம். அவள் இயந்திரத்தை வாங்கவில்லை. புலம்பெயர்ந்த உறவுகளின் உதவியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் அனுப்பிய காசில் இந்த மண்ணில் எத்தனையோ பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். ஆனால் வாங்குகிறவளின் முகத்தைக் கேட்காதீர்கள். பற்றுச்சீட்டைக் கேளுங்கள்.

எயிட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியம் இலங்கைக்கும் உதவி செய்திருக்கிறது. அந்தப் பணம் பெரும்பாலும் தொற்று வாய்ப்புக் கூடிய பிரிவினரைத் தேடிப் போகிறது. அது தவறு என்று நான் சொன்னதாக யாரும் திரிக்க வேண்டாம். தொற்று எங்கே கூடுதலோ அங்கேதான் தடுப்பு வேலையும் நடக்கவேண்டும், அவர்கள் பட்ட அவமானம் எங்களுடையதைவிடப் பெரியது. நான் சொல்வது, கணவன் மூலம் தொற்றிய குடும்பப் பெண் எந்தப் பட்டியலுக்குள்ளும் வராமல் நடுவில் விழுந்துவிடுகிறாள் என்பதைத்தான்.

கேள்வியை விட்டு வெளியே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் கொழும்பு அலுவலகம் ஒன்றிலிருந்து மச்சாளுக்குக் கடிதம் வந்தது. முழுவதும் சிங்களம். தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் 1987 இலேயே சொல்லிவிட்டது. "மச்சாள், இதை யாரிடம் கொண்டுபோய் வாசிப்பது?" என்று நடுங்கிக்கொண்டு வந்தாள். சிங்களம் தெரிந்த ஒரு கடைக்காரர் சந்தியில் இருக்கிறார், ஊரில் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள். நோயைப் பற்றி இருந்தால் என்ன செய்வது? கடைசியில் வவுனியாவில் இருக்கும் என் பழைய சக ஊழியை ஒருவரிடம் நானே கொண்டுபோனேன். தம்பியின் பழைய சேமலாப நிதிக் கணக்கைப் பற்றிய சாதாரணக் கடிதம். அதற்காக ஒரு பகல், ஓர் இரவு உயிர் போய் வந்தது. என் ஓய்வூதியக் கடிதங்களும் இப்படித்தான் வருகின்றன. என்னுடையதை யாரிடமும் கொடுத்து வாசிக்கலாம், அவளால் அது முடியாது. தமிழில் எழுதுவதைச் சலுகை என்று நினைப்பவர்களுக்கு இந்த நடுக்கம் தெரியாது.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அரசாங்கத்தின் நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டமான அஸ்வெசும 2023 இல் தொடங்கியது. சிறுநீரக நோயாளருக்கு அங்கே தனிக் கொடுப்பனவு உண்டு. எச்.ஐ.வி.க்கும் தனிப் பிரிவு வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள், நான் உடன்பட மாட்டேன். தெரிவானவர்களின் பெயர்ப் பட்டியலை ஆட்சேபணைக்காக எல்லோரும் பார்க்க வைத்தார்கள். அந்தப் பட்டியலில் இந்த நோயின் பெயர் வந்தால் என்ன ஆகும்? 2016 இல் குளியாப்பிட்டியில் ஒரு சிறுவனைப் பாடசாலைகள் ஒதுக்கியது வெறும் வதந்தியால். அவனுக்குத் தொற்றே இல்லை. கண்டி திரித்துவக் கல்லூரி முன்வந்து இடம் கொடுத்தது, உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. ஆகவே வருமானத்தைக் காட்டி விண்ணப்பியுங்கள். வீடு, நிலம், தொழில், பிள்ளைகள் என்று கேட்டதற்கெல்லாம் உண்மையைச் சொல்லுங்கள். நோய் அந்தப் படிவத்துக்குத் தேவையில்லை. மச்சாளுக்கு இப்போது அப்படித்தான் கிடைக்கிறது.

கிளினிக் தாதியிடம் பயணச் செலவு முடியவில்லை என்று வாய்திறந்து சொல்லுங்கள். நிலைமை சீரானதும் ஒரே தடவையில் கூடுதல் மாதங்களுக்கு மருந்து தரமுடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். மச்சாள் இரண்டு வருடம் கேட்காமலே அலைந்தாள். கேட்ட அன்றே தவணையைத் தள்ளிப் போட்டுக் கொடுத்தார்கள்.

தனிச்செய்தியில் எழுதுங்கள். முதல் நாள் தனியே போகத் துணிவு வரவில்லை என்றால், நீங்கள் வந்தாலும் சரி, உங்கள் நண்பி வந்தாலும் சரி, பட்டினத்துப் பஸ் நிலையத்துக்கு நான் வருவேன். உள்ளே வர மாட்டேன், வெளியே வாங்கில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். என்ன வருத்தம் என்று கேட்க மாட்டேன்.