ஒரு பருவம் முழுவதும் தங்க முடியாதவர்களுக்கும் வழி உண்டு

தாயாரைக் கவனிக்கும் பொறுப்பு இருப்பதால் ஒரு கல்விப் பருவம் முழுவதும் வெளிநாட்டில் தங்க இயலாது, ஆகவே மாணவர்கள் வெளிநாட்டில் பயில உதவித்தொகை தரும் ஐரோப்பிய ஒன்றியத் திட்டமான ஈராஸ்மஸ் பிளஸ் தங்களுக்கு உதவாது என எழுதியிருந்தீர்கள். அம்முடிவு அவசரமானது. அதன் நெடுங்காலப் படிப்புப் பயணத்துக்குக் குறைந்தது 2 மாதம் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் இணையவழிப் பாடத்துடன் 5 முதல் 30 நாள் வரை நேரில் சென்று பயிலும் குறுகிய வடிவமும் இத்திட்டத்தில் உண்டு (கேட்காமல் இதை யாரும் சொல்வதில்லை என்பது வேறு கதை). வாய்ப்புக் குறைந்த மாணவர் (உடல்நலம், பொருளாதாரம் போன்ற தடைகள் உள்ளவர்) என ஏற்கப்பட்டால், இக்குறுகிய வடிவத்தில் வழக்கமான உதவித்தொகையோடு 14 நாள் வரையிலான பயணத்துக்கு 100 யூரோவும் அதற்கு மேற்பட்டதற்கு 150 யூரோவும் கூடுதலாகக் கிடைக்கும். அந்த வகைப்பாடு நாட்டுக்கு நாடு மாறுவதால், பராமரிப்புப் பொறுப்பு அதில் அடங்குமா என்று பல்கலைக்கழக அலுவலகத்திடம் எழுத்துமூலம் கேளுங்கள். தொகையில் ஒரு பகுதி திரும்பி வந்த பின்பே கைக்கு வரலாம். எனவே பயணச்சீட்டு எடுக்குமுன், முன்பணம் எவ்வளவு என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.