ஊழல், லஞ்சம், மாமூல்: சொல்லுக்குச் சொல் வேறு

ஊழல் என்பதும் ஊழ்வினையில் வரும் ஊழ் என்பதும் ஒரே சொல்லா?

வேர் ஒன்றுதான். ஊழ்த்தல் என்றால் மலர்தல், முதிர்தல், பதங்கெடுதல் என மூன்று பொருளும் உண்டு. மாம்பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: கனிகிறது, அளவுக்கு மீறிக் கனிகிறது, காம்படியில் கறுத்து நீர் விடுகிறது. மூன்றும் ஒரே ஓட்டம்தான். 'இணரூழ்த்தும் நாறா மலரனையர்' என்ற குறளில் (650) ஊழ்த்தும் என்பது கொத்தாக மலர்ந்தும் என்று பொருள்படுகிறது. அழுகல் அங்கே கிடையாது. வினை முதிர்ந்து பலன் தரும் நிலைக்கு வந்தால் ஊழ், பொருள் முதிர்ந்து கெட்டால் ஊழல். பழைய அகராதிகள் ஊழலுக்குப் 'பதனழிவு' என்றே பொருள் தருகின்றன. நிர்வாகம் அழுகுவதைக் குறிக்க அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டது பொருத்தம்தான். 'தலைவிதி' என்ற பொருளைக் காட்டி 'ஊழல் நம் ஊழ்' என்று மேடையில் பேசுவது வெறும் சொல் விளையாட்டு.

'பட்டா மாற்ற 2,000 ரூபாய் ஊழல் செய்த அதிகாரி' என்று எழுதலாமா?

கூடாது, அது லஞ்சம். ஐயம் வந்தால் வினைச்சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். லஞ்சத்தைக் கொடுக்கலாம், வாங்கலாம்; இரண்டு கை வேண்டும். ஊழலைக் கொடுக்கவோ வாங்கவோ முடியாது, செய்யத்தான் முடியும். பொறுப்பில் இருந்த பணத்தைக் காசாளர் தானே எடுத்துக்கொண்டால் கையாடல். அங்கே கொடுப்பவர் என்று எவரும் இல்லை. டெண்டர் விதியை மீறினார்கள், பணம் கைமாறியதா என்று தெரியாது என்றால் முறைகேடு என்பதோடு நிறுத்துங்கள். செய்திகளில் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். நிரூபிக்காத ஒன்றை ஒற்றைச் சொல்லில் நிரூபித்துவிடுகிறார்கள். ஊழல் தடுப்புச் சட்டம் (1988) எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக ஊழலை வைத்துக்கொண்டு, உள்ளே குற்றங்களைத் தனித்தனியாகப் பிரிக்கிறது. 2018 திருத்தத்துக்குப் பின் லஞ்சம் கொடுப்பதும் நேரடிக் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம்.

லஞ்சம் வாங்குபவர் 'கையும் களவுமாக' பிடிபட்டார் என்பது சரியா?

சரி. களவு இங்கே திருடிய பொருளைக் குறிக்கும். கையும் அதிலிருக்கும் பொருளும் சேர்ந்தே சிக்க வேண்டும். லஞ்ச ஒழிப்புத் துறை செய்வதும் அச்சொட்டாக அதுதான். நோட்டில் பினாப்தலின் பொடியைத் தடவிக் கொடுத்தனுப்புவார்கள். வாங்கியவரின் விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் நீர் இளஞ்சிவப்பாகும். பணம் மேசை இழுப்பறையில் கிடைத்து விரல் நிறம் மாறாவிட்டால், களவு இருக்கிறது, கை இல்லை.

மாமூல் கெட்ட வார்த்தையா?

பிறப்பால் இல்லை. 'வழக்கமாகச் செய்யப்படுவது' என்ற பொருளுள்ள அரபுச் சொல். 'மாமூலாக வர்ற பஸ்' என்பதிலும் 'மாமூல் வாழ்க்கை திரும்பியது' என்பதிலும் இன்றும் குற்றமில்லாமல் நிற்கிறது. தள்ளுவண்டிக்காரரிடம் வாராவாரம் வாங்குவதற்கு மாமூல் என்று பேர் வந்ததால், லஞ்சம் வழக்கத்தின் வேடத்தைப் போட்டுக்கொண்டது. ஒருமுறை வாங்கினால் லஞ்சம், தவணை தவறாமல் வாங்கினால் மாமூல்.

லஞ்சமா, இலஞ்சமா?

இரண்டும் சரி. லகரம் தமிழில் சொல்லுக்கு முதலாக வராது என்பதால் இகரம் முன்னே ஒட்டுகிறது (இலாபம், இலட்சம்போல). இலங்கை வழக்கில் இலஞ்சம்தான். தனித்தமிழ் வேண்டுமென்றால் கையூட்டு. பழைய தமிழ் விவிலியத்தில் பரிதானம்.

அதிகார துர்பிரயோகமா, துஷ்பிரயோகமா?

துஷ்பிரயோகம். வடமொழிப் புணர்ச்சியில் வல்லொலிப் பகரத்துக்கு (pa) முன் துஷ், மெல்லொலிக்கும் (ga, da, ba போல) உயிருக்கும் முன் துர். துர்பாக்கியத்தில் இருப்பது மெல்லொலிப் பகரம். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் குழப்பம். இன்னொன்று: இலங்கையில் 'சிறுவர் துஷ்பிரயோகம்' என்றால் சிறார் வன்கொடுமை. அங்குள்ள வாசகருக்கு எழுதும்போது 'அதிகார' என்ற அடையை விட்டுவிடாதீர்கள்.