குரல் கோளாறு: 98 சதவீதம் எங்கே போயிற்று?

கேள்வி: ஆசிரியர்கள், காவேரிப்பட்டணம் பக்கத்து மாங்காய் மண்டிகளில் ஏலம் கூறுபவர்கள் என 60 பேரின் குரலைச் செல்போனில் பதிவு செய்தோம். குரல் கோளாறைக் கண்டறியும் எங்கள் மாடல் (பதிவுகளைப் பார்த்துக் கற்கும் கணினி நிரல்) சோதனையில் 98 சதவீதம் சரியாகச் சொன்னது. புதிதாக ஒருவர் வந்தால் தடுமாறுகிறது. ஏன்?
- பொறியியல் மாணவி, பர்கூர்

பதில்: 60 பேரை வைத்து 98 வந்தால் முதலில் சந்தேகப்படுங்கள். ஒருவரிடம் ஐந்து முறை "ஆ" வாங்கி, மூன்றைப் பயிற்சிக்கும் இரண்டைச் சோதனைக்கும் போட்டிருந்தால், மாடல் அடையாளம் கண்டது நோயை அல்ல, ஆளை. பதிவுகளைப் பிரிக்காதீர்கள், ஆட்களைப் பிரியுங்கள். சைக்கிட்-லேர்ன் (scikit-learn) என்ற பைதான் நிரல் தொகுப்பில், ஒருவரின் பதிவுகள் எல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி பிரிக்கும் குரூப் கே-ஃபோல்டு (GroupKFold) இதற்கென்றே இருக்கிறது.

அடுத்தது இடம். நல்ல குரல்களைக் கல்லூரி அறையிலும் கரகரத்த குரல்களை மண்டியிலும் எடுத்தீர்களா? அப்படியானால் மாடல் மண்டி இரைச்சலைப் படித்திருக்கும். "ஆ" தொடங்குவதற்கு முந்தைய அரை விநாடி மௌனத்தை மட்டும் வெட்டிக் கொடுத்துப் பாருங்கள். அதிலேயே நோயாளியைக் கண்டுபிடித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பல ஆய்வுகளுக்கு அடிப்படையான அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கண்-காது மருத்துவமனைக் குரல் பதிவுத் தொகுப்பிலேயே இந்தக் குறை உண்டு.

மறுபடி பதிவு செய்யும்போது எல்லோருக்கும் ஒரே போன், ஒரே அமைதியான அறை. வாயிலிருந்து ஒரு சாண் தூரம், மூச்சுக்காற்று மைக்கில் மோதாதபடி சற்றுப் பக்கவாட்டில். பதிவு அமைப்பு 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பு. வாட்ஸ்அப் குரல்செய்தி வேண்டாம். அது ஒலியைச் சுருக்கிவிடும். இரைச்சல் நீக்கும் வசதியைக் கட்டாயம் அணையுங்கள்: நீட்டிச் சொல்லும் "ஆ" ஒரே சீராக இருப்பதால், அதையே இரைச்சலென்று நினைத்து அமுக்கிவிடும். ஐந்து விநாடி "ஆ" மூன்று முறை. தொடக்கமும் முடிவும் அரை விநாடி நீக்குங்கள். கூடவே ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள்.

குரலை அளக்கும் பிராட் (Praat) மென்பொருளில் ஜிட்டர் (குரல்நாண் அதிர்வின் சுற்றுக்குச் சுற்று நேர மாறுபாடு), ஷிம்மர் (ஒலி வலிமை மாறுபாடு) எடுக்கலாம். ஆனால் குரல் மிகவும் உடைந்திருந்தால் அதிர்வுச் சுற்றுகளையே பிரித்தறிய முடியாது. ஜிட்டர் எண்ணுக்குப் பொருளிருக்காது. அங்கே, சுற்றுகளைத் தனித்தனியாகப் பிரிக்காமலே குரலின் சீரைக் காட்டும் செப்ஸ்ட்ரல் உச்ச அளவுதான் (CPP) கைகொடுக்கும். ஜிட்டருக்குப் பலர் சொல்லும் 1.04 சதவீத எல்லை வேறொரு மென்பொருளுக்கானது; பிராட் எண்ணோடு அப்படியே ஒப்பிடாதீர்கள். கோளாறு உண்டா இல்லையா என்ற குறிப்பு, காது-மூக்கு-தொண்டை மருத்துவர் குரல்நாணைக் குழாய்க் கருவியால் பார்த்துச் சொன்னதாக இருக்க வேண்டும். காதால் கேட்டு நீங்களே ஒட்டியது ஆகாது.

கேள்வி: ஆறு வாரமாகக் குரல் கட்டியிருக்கிறது. செயலியில் சோதித்தால் போதுமா?
- ஆசிரியை, பாலக்கோடு

பதில்: போதாது. குரல் மாறியிருக்கிறது என்று செயலி சொல்லலாம். காரணம் முடிச்சா, புற்றா, நரம்புத் தளர்வா என்று உறுதியாகச் சொல்லாது. நான்கு வாரத்தைத் தாண்டிவிட்டதால் குரல்நாணை நேரில் பார்க்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. விழுங்கச் சிரமம், மூச்சுத்திணறல், சளியில் ரத்தம், கழுத்தில் கட்டி, இவற்றில் ஒன்று இருந்தாலும் இன்றே போங்கள்.