மூன்றாவது நீட்டும் வேண்டாம், தோப்பு அடமானமும் வேண்டாம்

போன வாரம் மகளை என்ன படிக்க வைக்கலாம் என்று ஆலோசனை கேட்டு, கோவில்பட்டியிலிருந்து ஓர் அண்ணாச்சி குடும்பத்தோடு என்னிடம் வந்திருந்தார். சின்னதாகக் கடலைமிட்டாய் பட்டறை வைத்திருக்கிறார். மகள் பிளஸ் டூவில் உயிரியல்-கணிதம் எடுத்தவள். நீட் இரண்டு முறை எழுதியாயிற்று, இரண்டாவது முறை பன்னிரண்டு மதிப்பெண் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். கூடவே தாய்மாமன், அவர்தான் அதிகம் பேசினார். இன்னொரு வருஷம் கோச்சிங் போடலாம், இல்லாவிட்டால் வெளிநாட்டில் எம்பிபிஎஸ், முப்பது லட்சத்துக்குள் முடிந்துவிடும், தோப்பை வைத்துப் புரட்டிக்கொள்ளலாம் என்றார். அந்தப் பெண் மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கவலைப்படாதீங்க, எல்லாம் நல்லபடியா நடக்கும்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ராத்திரி யோசித்தால் அப்படி அனுப்பியது தப்பு என்று பட்டது. அண்ணாச்சி, அன்று விட்டதை இங்கே எழுதுகிறேன். உங்கள் நிலையில் இருக்கிற மற்றவர்களும் படிக்கட்டும்.

முதலில் தோப்பு. வெளிநாட்டில் படித்து வந்தால் இங்கே டாக்டராகத் தொழில் செய்ய எஃப்எம்ஜிஇ என்ற தகுதித் தேர்வில் 300க்கு 150 எடுக்க வேண்டும். அதைத் தாண்ட முடியாமல் மறுபடியும் கோச்சிங் சென்டரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் என் அறைக்கே வந்து அழுதிருக்கிறார்கள். அதுவரை வட்டி நிற்காது. அடமானப் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள், மச்சான் இல்லை.

அடுத்தது உங்கள் மகள். நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு விஷயம் எனக்கு மறக்கவே இல்லை. பட்டறையில் பாக்கெட் போடும் மின்தராசு ஒரு நேரம் போல ஒரு நேரம் காட்டுவதில்லை என்று சந்தேகப்பட்டு, 200 கிராம் எடைக்கல்லைத் தினமும் மூன்று வேளை வைத்துப் பார்த்து நோட்டில் எழுதி, ஃபேன் ஓடும்போது மட்டும்தான் இரண்டு கிராம் தள்ளாடுகிறது என்று கண்டுபிடித்திருக்கிறாள். யாரும் சொல்லாமல் செய்திருக்கிறாள். டாக்டராக ஆசையா என்று கேட்டபோது மாமாவைப் பார்த்தவள், இந்தப் பேச்சு வந்ததும் நிமிர்ந்து, “ரெண்டு இல்ல சார், ரெண்டரை” என்று திருத்தினாள்.

இந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுக்கிற ஒரு வேலை இருக்கிறது. லேப் ஆட்டோமேஷன் என்பார்கள், ஆய்வகத்தில் கையால் செய்கிற வேலையை இயந்திரத்தை வைத்துச் செய்ய வைப்பது. நம் பக்கத்தில் யாரும் பிள்ளைகளிடம் சொல்வதில்லை.

ரத்தமோ சளியோ விதையோ, எந்தச் சாம்பிளாக இருந்தாலும் பரிசோதிக்கும் பெரிய கருவிக்குள் போவதற்கு முன்னால் அதைத் தயார்படுத்த வேண்டும். பணியாரக் கல் மாதிரி 8 வரிசையில் 12 என்று 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு, ஒரு குழியின் நடுவிலிருந்து அடுத்ததற்கு 9 மில்லிமீட்டர். ஒவ்வொரு குழியிலும் ஒரு நோயாளியின் சாம்பிள். 2020-ல் கொரோனா சளியை ஆர்டிபிசிஆர் கருவியில் போடுவதற்கு முன் அதிலிருந்து வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏவைப் பிரித்தெடுத்தார்களே, அதைக் காந்தத் துகள் முறையில் செய்தால், செல்லை உடைக்கும் திரவம், காந்தத் துகள், இரண்டு மூன்று முறை ஆல்கஹால் கழுவல், கடைசியில் கரைத்தெடுக்க ஒரு திரவம் என்று ஒவ்வொரு குழிக்கும் பல தடவை பிப்பெட் (திரவத்தை அளந்து உறிஞ்சி விடும் கைக்கருவி) அழுத்த வேண்டும். பெருவிரல் வீங்கிப்போகும். நாற்பதாவது குழியில் யாராவது கூப்பிட்டால், விட்டது நாற்பதிலா நாற்பத்தொன்றிலா என்று தெரியாது, அப்புறம் ஒருவருடைய ரிசல்ட் இன்னொருவருக்குப் போகும்.

இந்த வேலையைத்தான் பிப்பெட் ரோபோ செய்கிறது. ரோபோ என்றதும் மனித உருவம் நினைக்க வேண்டாம், கண்ணாடிப் பெட்டிக்குள் முன்னும் பின்னும் ஓடும் ஒரு கை, அவ்வளவுதான். ஹாமில்டன், டெகான், பெக்மன் என்று பெரிய கம்பெனிகளின் இயந்திரங்கள் உண்டு, ஓபன்ட்ரான்ஸ் என்று மேஜைமேல் வைக்கிற சின்னதும் உண்டு. கை களைப்பதில்லை, எண்ணிக்கை மறப்பதில்லை. ஆனால் தானாக எதுவும் அதற்குத் தெரியாது.

இங்கே நீங்கள் என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்வீர்கள். வெல்லப்பாகு சூட்டில் ஒரு மாதிரி ஓடும், ஆறினால் இழுக்கும், பதம் பார்த்துத்தானே ஊற்றுகிறீர்கள்? பரிசோதனையில் சேர்க்கிற என்சைம்கள் பெரும்பாலும் கிளிசரால் கலந்து வரும், அது பாகு மாதிரி. தண்ணீருக்கு வைத்த வேகத்திலேயே ரோபோ உறிஞ்சினால் பாதி காற்றைத்தான் எடுக்கும், அதனால் மெதுவாக உறிஞ்சி, கொஞ்சம் நின்று, மெதுவாக விடச் சொல்ல வேண்டும். ஆல்கஹால் நேர் எதிர், முனையிலிருந்து போகிற வழியெல்லாம் சொட்டும், பக்கத்துக் குழியில் விழுந்தால் கதை முடிந்தது. முனையை முதலில் அதிலேயே ஓரிரு தடவை நனைத்து, உறிஞ்சியபின் கீழே கொஞ்சம் காற்றையும் இழுத்து அடைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். மேலே நுரை இருந்தால், திரவ மட்டத்தைத் தொட்டு அறியும் இயந்திரம்கூட நுரையையே திரவம் என்று நம்பி ஏமாறும். இதையெல்லாம் ஒவ்வொரு திரவத்துக்கும் பதம் பார்த்து எழுதி வைக்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் கடைசியில் என்ன செய்வார் தெரியுமா? ரோபோ விட்ட தண்ணீரைத் தராசில் வைப்பார். ஒரு மைக்ரோலிட்டர் (லிட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தண்ணீர் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம், எடையைப் பார்த்தால் அளவு சரியா என்று தெரிந்துவிடும். அந்தத் தராசைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு இருக்கும். காற்று பட்டால் ஆடும் என்பதற்காக. உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள், முகத்தைப் பாருங்கள்.

எப்படிப் போவது? அரசு அல்லது உதவிபெறும் கல்லூரியில் சாதாரண பி.எஸ்சி. உயிர்வேதியியல் அல்லது பயோடெக்னாலஜி போதும். ரோபோவின் கையை ஓட்டும் மோட்டாரைப் பழுதுபார்க்க ஆள் கிடைப்பார்கள், குழிக்குள் இருப்பது என்ன, ஏன் கெட்டது என்று தெரிந்து நிரலும் எழுதுபவர்தான் கிடைப்பதில்லை. அந்தக் கல்லூரியில் ரோபோ இருக்காது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஓபன்ட்ரான்ஸ் ரோபோவுக்கான நிரலைப் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதி, இயந்திரமே இல்லாமல் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம், காசு கிடையாது. எந்தக் குழியிலிருந்து எத்தனை மைக்ரோலிட்டர் எடுத்து எங்கே விட்டது என்று வரி வரியாகக் காட்டும். முதல் வருஷம் பைத்தான், இரண்டாம் வருஷம் இது, மூன்றாம் வருஷம் ஏதாவது ஆய்வகத்தில் கோடைப் பயிற்சி. பழைய லேப்டாப் ஒன்று வாங்கிக் கொடுங்கள், செலவு அதோடு சரி. அவள் ஆறாம் வகுப்பிலிருந்து உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள் என்றீர்கள், அப்படியானால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம், சேரும்போதே கல்லூரியில் கேளுங்கள்.

பளபளப்பான விளம்பரத் தாளில் ரோபோ படம் போட்டு வருஷத்துக்கு லட்சக்கணக்கில் கேட்கிற தனியார் படிப்புக்கு மட்டும் போய்விடாதீர்கள். போயே தீருவேன் என்றால், அந்த இயந்திரத்தை மாணவர் கை தொடுகிறதா, கண்ணாடி வழியே காட்டுகிறார்களா என்று நேரில் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது. வேலை சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் பக்கம்தான், கோவில்பட்டியில் இல்லை. இயந்திரக் கம்பெனியில் சேர்ந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டியிருக்கும். பொம்பளப் பிள்ளையா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அதே சொந்தம்தான் அவளைத் தனியாக ஆறு வருஷம் வெளிநாட்டுக்கு அனுப்பச் சொன்னது.

மூன்றாவது நீட்டை அவளே வாய் திறந்து கேட்டால் பேசலாம். அவள் கேட்கவில்லை.

அடுத்த புதன்கிழமை வாருங்கள் அண்ணாச்சி. வரும்போது அந்தத் தராசு நோட்டை எடுத்துவரச் சொல்லுங்கள். மச்சான் வராவிட்டாலும் பரவாயில்லை.