திருகோணமலையில் முதியோர் இல்லம் தேடும்போது மதிப்புரைகளை எவ்வளவு நம்பலாம்?

இலண்டனில் இருக்கும் நீங்கள், தனியே வாழும் உங்கள் அம்மாவுக்குத் திருகோணமலையில் ஒரு முதியோர் இல்லம் தேடுவதாகவும், கூகுள் வரைபடத்தில் பார்க்கும் இல்லங்கள் எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரமே இருப்பதால் எதை நம்புவது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் பெரியம்மா தம்முடைய கடைசி வருடங்களை இங்குள்ள இரண்டு இல்லங்களில் கழித்தவர்; அவரை ஒழுங்காகப் போய்ப் பார்த்துவந்த அனுபவத்தில் எழுதுகிறேன். மதிப்புரையை வாசிக்கும்போது நட்சத்திரத்தை விட்டுவிட்டு, எழுதியவர் யார், அவர் எந்த நேரத்தில் அங்கே நின்றார் என்று பாருங்கள். அதற்குப் பிறகு, இரவில் அங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள்.

நான் வாசித்த மதிப்புரைகளில் பெரும்பங்கு, சாப்பாடு கொடுக்கப் போனவர்கள் எழுதியவை. பிள்ளையின் பிறந்தநாளுக்கோ அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கோ ஒரு நேரச் சாப்பாட்டுக்குக் காசு கட்டி, குடும்பமாகப் போய்ப் பரிமாறி, படமும் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் நல்ல மனத்தோடுதான் எழுதுகிறார்கள். அவர்களுடைய உதவி நின்றுபோனால் பல இல்லங்கள் தடுமாறிவிடும் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு எல்லோரையும் குளிக்கவார்த்து, தலை இழுத்து, வெளுத்த உடுப்புப் போட்டுக் கூடத்தில் இருத்தியிருப்பார்கள். எழுந்து வர முடியாதவர்கள் உள்ளறையில் கிடப்பார்கள், பரிமாற வந்தவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. அடுத்த பங்கு வெளிநாட்டுப் பிள்ளைகளுடையது. அவர்கள் வட்ஸ்அப் காணொளியில் கண்டதை எழுதுகிறார்கள். அந்தக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்பவரும் இல்லத்தின் ஊழியரே. உள்ளதை உள்ளபடி அறிந்தவர்களோ, அதாவது தாயையோ மாமியையோ அங்கே விட்டுவிட்டு அடிக்கடி போய்வரும் உள்ளூர்ச் சொந்தக்காரர்கள், வாய் திறப்பதில்லை. ‘நாங்கள் ஏதும் சொல்லப்போய், அவவை வடிவாகப் பார்க்காமல் விட்டால் என்ன செய்யிறது’ என்ற பயம் எங்கள் வீட்டிலும் இருந்தது. இவர்கள் எழுதுவதென்றால் ஆள் காலமான பிறகோ வேறு இடத்துக்கு மாற்றிய பிறகோதான் எழுதுவார்கள், அப்போது அது முழுக்க நன்றியாகவோ முழுக்கக் கோபமாகவோ வந்துவிடும்.

கோபத்தில் எழுதியதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பெரியம்மா மூதூரில் ஆசிரியராக இருந்தவர். மறதி நோய் முற்றிய காலத்தில், பொழுதுபடும் நேரத்தில் கைப்பையை எடுத்துக்கொண்டு, வோக்கரைப் பிடித்து மெல்ல மெல்லக் கேற்றடிக்குப் போய், மூதூருக்குக் கடல்வழியே போகும் கடைசி லோஞ்ச் (பயணிகள் படகு) போய்விடும், கதவைத் திறவுங்கள் என்று அழத் தொடங்கிவிடுவார். இந்த நோய் உள்ளவர்களில் பலருக்குப் பின்னேரத்தில்தான் குழப்பமும் பதற்றமும் கூடும். ஒரு நாள் அந்த நேரத்தில் வந்த உறவினர் ஒருவர் இதைக் கண்டு, வீட்டுக்குப் போக வேண்டுமென்று கதறுகிற வயதான பெண்ணைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று ஒற்றை நட்சத்திரத்தோடு எழுதிவிட்டார். அவர் புறப்பட்ட பின்பு நடந்ததை நான் பார்த்தேன். அங்கே பராமரிப்பாளராக இருந்த, தம்பலகாமத்தைச் சேர்ந்த பெண் ஒருவர் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “இண்டைக்குக் கடல் கொந்தளிப்பு, லோஞ்ச் ஓடாதாம் ரீச்சர். நாளைக்கு விடிய முதல் லோஞ்சில நானும் வாறன். இப்ப வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்” என்றார். பெரியம்மா சற்று யோசித்து, பையை அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார். மற்ற நாள்களிலும் அதே அழுகைக்கு அதே பொறுமையான பதில்தான் கிடைத்தது. பெரியம்மாவின் ஊரையும் தொழிலையும் பயத்தையும் அறிந்து அதற்கேற்பப் பேசத் தெரிந்த ஒருவர் அங்கே வேலை செய்தார் என்பதுதான் அந்த இல்லத்தைப் பற்றி உலகுக்குச் சொல்ல வேண்டிய செய்தி. அதை எந்த மதிப்புரையும் சொல்லவில்லை. ஆகவே ‘அன்பான ஊழியர்கள், சுத்தமான சூழல்’ என்ற வரிகளைத் தாண்டிப் போய், இன்ன ஊழியர் இன்ன நேரத்தில் இன்னது செய்தார் என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள். அப்படி ஒன்று கிடைத்தாலும் அதைப் பெரிதாக எடுங்கள்.

முதலில் இருந்த இல்லத்தில் எங்களுக்கு நேர்ந்தது வேறு. இடுப்பெலும்பு முறிந்து சத்திரசிகிச்சை முடிந்து படுக்கையில் இருந்த பெரியம்மாவுக்கு அங்கே படுக்கைப் புண் வந்தது. அங்கிருந்த பெண்கள் கெட்டவர்கள் அல்லர்; ஆள் போதாது. தானாகப் புரள முடியாதவரை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைப்பது தாதியர் வழக்கமாகக் கைக்கொள்ளும் முறை. ஆறு பேர் படுக்கையோடு இருக்கும் ஓரிடத்தில் இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை கணக்குப் பார்த்தால் 30 தடவை புரட்ட வேண்டும். தோல் உரசி இழுபடாமல் புரட்ட இரண்டு பேர் வேண்டும். அங்கே இரவில் ஒருவரே இருந்தார். பம்பஸ் மாற்றுவதும், கூப்பிடுகிறவர்களிடம் ஓடுவதும், விடியத் தேத்தண்ணீர் வைப்பதும் அவருடைய வேலைதான். நாரிக்குக் கீழும் குதிக்காலிலும், விரலால் அழுத்தினாலும் வெளிறாத சிவப்பாகத்தான் அந்தப் புண் தொடங்கும். அந்த நேரத்தில் ஒருவர் கண்டு சொன்னால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். இதனால்தான் இரவு ஆள்கணக்கை முதலில் கேட்கச் சொல்கிறேன். மொத்த ஊழியர் எத்தனை பேர் என்ற கேள்விக்குச் சமையல்காரர், தோட்டக்காரர், முகாமையாளர் எல்லோரையும் சேர்த்துப் பெரிய எண் ஒன்றைச் சொல்லிவிடுவார்கள்.

உங்கள் சார்பில் யாராவது போய்ப் பார்ப்பதானால், அலுவலக அறையில் கதைத்துவிட்டுத் திரும்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளறையில் தண்ணீர்ப் போத்தல் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கட்டும். வயது போகப் போகத் தாக உணர்வு குறைவதால், எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் குடிக்காமலே இருந்துவிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் கிளினிக் கொப்பி இருக்கிறதா, மருந்து கொடுத்தவர் நேரம் போட்டுக் கையெழுத்து வைக்கிறாரா என்றும் கேட்கட்டும். இவற்றைவிட முக்கியமானது, அங்கே வசிப்பவர்களோடு ஊழியர் பக்கத்தில் இல்லாதபோது பேசுவது. ‘நல்லாப் பாக்கினமோ’ என்று கேட்டால் ‘ஓம் தம்பி, குறை சொல்லக்கூடாது’ என்றுதான் பதில் வரும். அங்கேயே படுத்தெழும்ப வேண்டியவர்கள் வேறெப்படிச் சொல்வார்கள்? இராத்திரி எழும்பினால் யாரைக் கூப்பிடுவீர்கள், நேற்று யார் வந்தது, கடைசியாக எப்போது தலைக்கு முழுகினீர்கள் என்று கேட்டால், பழி சொல்கிறோம் என்ற பயம் இல்லாமல் உள்ளது வெளியே வரும். இணையத்தில் கணக்குத் திறந்து எழுத முடியாத இந்த மனிதர்களுடைய சொல்லுக்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

இங்கிலாந்தில் பராமரிப்புத் தர ஆணைக்குழு இல்லங்களைப் பரிசோதித்து, நான்கு படிகளில் தரமிட்டு, அறிக்கையையும் எல்லோரும் வாசிக்க வெளியிடுவது உங்களுக்குப் பழகியிருக்கும். இங்கே நீங்கள் கேட்டு வாங்கக்கூடியது பதிவுச் சான்றிதழ். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் முதியோர் இல்லங்களின் பதிவைப் பற்றியும் சொல்கிறது. பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்தைப் பார்க்கும் உத்தியோகத்தரிடம் அந்த இல்லத்தைப் பற்றி நேரில் விசாரிக்கலாம். கிழக்கு மாகாண சமூக சேவைகள் திணைக்களமும் திருகோணமலையிலேயே இருக்கிறது.

மதிப்புரையின் திகதியையும் பாருங்கள். பராமரிப்பு வேலையில் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுத்தவர்களுக்கு இஸ்ரேல் போன்ற நாடுகளில் இங்கே கிடைப்பதைவிடப் பல மடங்கு சம்பளம் உண்டு. திறமையானவர் ஒருவர் புறப்பட்டுப் போனதும் போன வருடத்துப் புகழ்ச்சி பயனற்றுப் போய்விடுகிறது. பாராட்டப்பட்ட ஊழியரின் பெயரைச் சொல்லி, அவர் இன்னும் இருக்கிறாரா என்று கேளுங்கள். முழு முற்பணத்தையும் கட்டாமல் முதல் மாதத்தைப் பரீட்சார்த்தமாக வைத்துக்கொள்ள முடியுமா என்றும், இரவு வேலையில் நிற்பவரோடு நேரடியாகத் தொலைபேசியில் பேச அனுமதி உண்டா என்றும் சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அம்மாவுக்கு நடமாட்டம் எப்படி, இரவில் எழும்புகிறவரா, சீனி வருத்தத்துக்கு ஊசி போடுகிறவரா என்று கருத்துப் பகுதியில் எழுதினால், நீங்கள் அங்கே கேட்க வேண்டியவற்றை இன்னும் குறிப்பாகச் சொல்லுவேன்.