பாணும் மிளகாயும்

அன்புள்ள ஐயா,

அண்மையில் கொழும்பும் காலியும் போய் வந்தேன். பேக்கரியில் ரொட்டியைப் ‘பாண்’ என்கிறார்கள். வீட்டில் இருக்கும் மேசை, ஜன்னலுக்குக்கூடச் சிங்களத்தில் போர்த்துகீசியப் பெயர்தானாம். அடுப்படி வரை அந்நியச் சொல்லை நுழையவிட்ட மொழி பலவீனமானது இல்லையா?

– ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் எழுதியிருக்கும் ‘மேசை’யும் ‘ஜன்னலும்’ போர்த்துகீசியச் சொற்களே. உங்கள் வீட்டு அலமாரியும் அதன் சாவியும் அப்படித்தான். தமிழைப் பலவீனமான மொழி என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள். சிங்களத்துக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல்?

போர்த்துகீசியர் 1505 வாக்கில் இலங்கைக்கு வந்தார்கள். 1658இல் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், அவர்களை முற்றாக வெளியேற்றினார்கள். கோதுமை விளையாத தீவுக்கு ரொட்டி வந்தபோது அதன் பெயரும் கூடவே வந்தது. கோதுமைக்கே சிங்களத்தில் ‘திரிங்கு’ என்று போர்த்துகீசியப் பெயர்தான். ‘விநாகிரி’ என்ற வினிகரைப் பாருங்கள். சொல் அவர்களுடையது, ஆனால் அந்தக் காடியைத் தென்னங்கள்ளைப் புளிக்கவைத்து எடுக்கிறார்கள். ஒல்லாந்தர் விட்டுப்போனவை ‘அர்தாபல்’ என்ற உருளைக்கிழங்கும் ‘போஞ்சி’ என்ற பீன்ஸும். யாழ்ப்பாணத் தமிழரும் போஞ்சி என்றுதான் சொல்கிறார்கள்.

இனி மிளகாய்க்கு வருவோம். சிங்களத்தில் ‘மிரிஸ்’ என்பது முன்பு மிளகின் பெயர். அமெரிக்கக் கண்டத்துச் செடியான மிளகாய் போர்த்துகீசியர் காலத்தில் வந்து அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. பழைய மிளகு இன்று ‘கம்மிரிஸ்’. நாமும் மிளகிலிருந்துதான் மிளகாய் என்ற சொல்லை உண்டாக்கினோம். பெயர் நம்முடையது, பண்டம் கடல் கடந்தது. அந்நியத்தைச் சொல்லில் தேடுகிறவர் இந்தக் காரத்தை எந்தக் கணக்கில் எழுதுவார்?

எனக்கு மிகவும் பிடித்தது கொக்கிஸ். ஒல்லாந்தர் தங்கள் பிஸ்கட்டுக்கு வைத்திருந்த பெயர் அது. இன்று அது சித்திரையில் வரும் சிங்களப் புத்தாண்டின் பலகாரம். கிரிபத் என்ற பால்சோறு, கவும் என்ற எண்ணெய்ப் பலகாரம் ஆகியவற்றோடு கொக்கிஸும் இருந்தால்தான் அந்தத் தட்டு நிறையும். அரிசிமாவைத் தேங்காய்ப்பாலில் கரைத்து, எண்ணெயில் காய்ந்த அச்சை மாவில் தோய்த்து மறுபடியும் எண்ணெயில் இறக்குகிறார்கள். பூ தானே கழன்று மிதக்கிறது. நம் ஊர் அச்சு முறுக்கின் உடன்பிறப்பு. மாத்தறையில் ஒரு வீட்டில் அந்த அம்மா சுட்டுக் கொடுத்ததைச் சூடாகத் தின்றிருக்கிறேன். அச்சு அவருடைய பாட்டி காலத்தது. அதை அந்நியம் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆட்சியின் கொடுமையை நான் மறுக்கவில்லை. கறுவாப் பட்டை உரிக்க மக்களைக் கட்டாய ஊழியத்தில் வாட்டினார்கள், கோயில்களை இடித்தார்கள். அவையெல்லாம் ஆயுத பலத்தில் நடந்தவை. கொக்கிஸ் சுடும்படி எந்த ஆளுநரும் ஆணையிடவில்லை. அந்தப் பெண்கள் ஒரு பெயரைக் கேட்டார்கள், தங்கள் அரிசியையும் தேங்காயையும் போட்டுச் சுட்டார்கள், பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள்.

அடுத்த முறை சித்திரையில் போங்கள்.